வீட்டுக்காரர் குறித்துக் கொடுத்த ஐந்து நாட்கள்

1

அந்தக் கேள்வியை நான் முதன்முதலில் வாய்விட்டுப் படித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இங்கிலாந்தின் வடக்கே கடலோரமாக ஒரு சிறிய ஊர். இனி குணமாகாது என்று ஆனவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் எனக்குப் பராமரிப்பாளர் வேலை. சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மூத்த நர்ஸ் என் கையில் ஒரு படிவத்தைத் திணித்து, "இன்றைக்கு நீ கேள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றாள். படுக்கையில் இருந்தவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். பெயர், பிறந்த தேதி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அடுத்த வரி: நீங்கள் எந்த இடத்தில் இறக்க விரும்புகிறீர்கள்?

அந்த வரியில் விரலை வைத்தபடி நர்ஸைப் பார்த்தேன். நர்ஸ் கண்ணால் தள்ளினாள். கேட்டேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டில். ஜன்னலோர நாற்காலியில். படுக்கையில் வேண்டாம், அப்புறம் என் மனைவி அதில் தூங்க வேண்டும் அல்லவா" என்றார். டீயில் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று சொல்வது போலச் சொன்னார்.

இடைவேளை மணி அடித்ததும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்து அப்போது இரண்டு மாதம். முதுகெலும்புவரை பரவியிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் நெஞ்சில் சளி என்று சொல்லி வைத்திருந்தோம். அவரிடம் இதைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதும் உலகத்தையே கண்டுபிடித்துவிட்டதுபோல எனக்கு உடம்பெல்லாம் பறந்தது. கேட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு இருபத்தெட்டு வயது, இரண்டு பட்டம் வேறு.

இன்று இதை எழுதும்போது அந்த உற்சாகத்தில் ஒரு துளிகூட மிச்சமில்லை, ஆத்திரம்தான் இருக்கிறது. பனி பொழிவதையும் ஊர்ச் சாப்பாட்டின் ஏக்கத்தையும் எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2

"வாயைக் கழுவுடி முதல்ல!" என்றாள் அம்மா. "கேக்குற கேள்வியைப் பாரு. அங்க போய் இதைத்தான் கத்துக்கிட்டியா?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல். "யாரு, கௌசியா? என்னத்துக்கு அவகிட்ட கத்துற? போனைக் குடு."

கேட்டேன். சுற்றிவளைத்து, தமிழும் ஆங்கிலமுமாக உளறி, ஒருவழியாக. 

"இப்பதான் ஒருத்தி கேக்குறா" என்றார் அப்பா. "உங்கம்மா சளி சளின்னு கஷாயம் வெச்சுக் குடுத்துக்கிட்டிருக்கா. எனக்கு எக்ஸ்-ரே பாக்கத் தெரியாதாம்மா? நான் போட்ட வெல்டிங் ஒவ்வொண்ணையும் எக்ஸ்-ரே எடுத்துத்தான் பாஸ் பண்ணுவானுங்க. அதுல கறுப்பாத் தெரிஞ்சா ஓட்டை. இதுல வெள்ளையாத் தெரியுது. அவ்ளோதான் வித்தியாசம்."

அப்பா திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. தினமும் காலையில் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்ற அம்மாவின் ஒற்றை ஆசைக்காக ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் வாடகைக்கு வந்தார்கள்.

"இந்தக் கட்டில்லதாம்மா" என்றார். "வேற எங்க? ஆஸ்பத்திரில லைட்டையே அணைக்க மாட்டேங்குறான். சாவறதுக்குக்கூட நைட் ஷிப்டா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு கட்டில், அணைக்கக்கூடிய ஒரு லைட்.

நான் அன்றைக்கே எங்கள் இல்லத்துப் படிவத்தைத் தமிழில் எழுதி அனுப்பினேன். தம்பி கார்த்தி பதில்களை நிரப்பினான், அப்பா கையெழுத்துப் போட்டார். திருச்சியில் வீடு தேடி வந்து இப்படிப்பட்டவர்களைப் பார்க்கும் ஒரு சின்னக் குழுவைத் தேடிப் பிடித்தேன். அதன் நர்ஸ் ஃபாத்திமா சிஸ்டர் வெள்ளிக்கிழமைதோறும் பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையைப் பார்த்ததும் அம்மா பயந்தாள். "ஐயோ, அது போதை மருந்தாச்சே, பழகிடுமே?" சிஸ்டர் சிரிக்காமல், "பழகிட்டா என்னம்மா, அண்ணன் பைக் ஓட்டவா போறார்?" என்று கேட்டாராம். அன்றைக்கு அப்பா பல வாரம் கழித்து ஐந்து மணி நேரம் தூங்கினார். எழுந்ததும் கெட்டிச் சட்னி கேட்டார்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பணமில்லை, மருந்தில்லை, ஆளில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

3

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம். எங்கள் போர்ஷன் பின்னால். வெளியே வருவதென்றால் வீட்டுக்காரரின் கூடத்தை ஒட்டிய ஒரே நடைவழியில்தான் வர வேண்டும். வீட்டுக்காரர் சம்பத் சார், ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. கெட்டவர் இல்லை. அதுதான் இதில் மோசமான விஷயம். அப்பா படுத்ததிலிருந்து தினம் காலையில் துளசித் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்.

ஒருநாள் காலண்டரும் சிவப்புப் பேனாவுமாக வந்தாராம். அம்மா பயந்துபோய் என்னை வீடியோவில் கூப்பிட்டு, போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"கௌசல்யா, நீ படிச்ச பொண்ணு. உனக்குப் புரியும்" என்று ஆரம்பித்தார். "நான் காலி பண்ணச் சொல்லலை, கேட்டுக்கோ. எனக்கும் மனசு இருக்கு. ஆனா அவிட்டத்துல ஆரம்பிச்சு ரேவதி வரைக்கும் அஞ்சு நட்சத்திரம். அதுல யாராவது போயிட்டா அந்த ரூமை ஆறு மாசம் அடைச்சு வைக்கணும், தோஷம். என் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, ஏழாம் மாசம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

"என்ன சார் பண்ணணும்ங்கிறீங்க?"

"மாசத்துல அந்த அஞ்சு நாள் மட்டும் அப்பாவை வேற எங்கயாவது வெச்சுக்கோங்கோ. ஆறாம் நாள் நானே ஆட்டோ பேசி அழைச்சுண்டு வரேன்."

காலண்டரில் ஐந்து கட்டங்களைச் சிவப்பால் சுழித்திருந்தார். அதற்கடுத்த மாதத்திலும் ஐந்து. அதற்கடுத்த மாதத்தில் சுழிக்கவில்லை. அதுவரை அப்பா இருக்க மாட்டார் என்று அவரும் கணக்குப் போட்டிருந்தார்.

இது ஸ்ரீரங்கத்து ஆசாரம் என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். வையம்பட்டியில் விவசாயம் பார்க்கும் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், போன் போட்டால் அதையேதான் சொன்னார். "அவர் சொல்றதுல என்ன தப்பு? நம்ம சின்னத் தாத்தா சதயத்துல போனப்ப வாசல் வழியா எடுக்காம, சுவத்தை இடிச்சுல்ல கொண்டாந்தோம். வாடகை வீட்டுச் சுவத்தை நீ இடிப்பியா?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். இந்தத் துறையில் வேலை பார்க்கிறவள் நான் ஒருத்திதானே.

எங்கள் இல்லத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. பார்த்துக்கொள்கிற குடும்பம் களைத்துப்போனால் நோயாளியை ஐந்தாறு நாள் இல்லத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களைத் தூங்கவிடுவோம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அது என் மண்டையில் மின்னியது. அம்மாவுக்கும் ஓய்வு, சம்பத் சாருக்கும் நிம்மதி. ஆஹா, என்ன பொருத்தம்!

"அஞ்சு நாள்தானே சார்" என்றேன். "சமாளிச்சுக்கலாம்."

அந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். பெரியப்பா இல்லை, அம்மா இல்லை. சொந்தக் கட்டிலைக் கேட்ட மனுஷனை, அந்தக் கட்டிலிலிருந்து மாசா மாசம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அனுமதி கொடுத்தது அவருடைய படித்த மகள்.

4

முதல் மாதம் பழுதில்லாமல் நடந்தது. தெரிந்த டாக்டரின் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அறை எடுத்தார்கள். அப்பாவிடம் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்கள்.

"டெஸ்ட்டு எனக்கா, காலண்டருக்கா?" என்று கேட்டாராம் அப்பா. கார்த்தி கட்டிலோரம் குனிந்தானாம். "சரி, தூக்குங்கடா" என்று கார்த்தியின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டாராம். நடைவழியில் போகும்போது சம்பத் சாரைப் பார்த்து, "அஞ்சு நாள்ல வந்துடறேன் சார், ரூமை வேற யாருக்கும் விட்டுடாதீங்க" என்றும் சொன்னாராம். ஆறாம் நாள் சம்பத் சார் சொன்னபடி ஆட்டோவோடு வந்து நின்றார்.

நான் இங்கே என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு அலைந்தேன். அந்த வாரம் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. பட்டு வேட்டி கட்டிய ஒருவர், முப்பது வருஷமாக இங்கே இருப்பவர், நான் வேலை பார்க்கும் இடத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். "இந்த வெள்ளைக்காரங்களுக்குப் பாசமே கிடையாதும்மா. பெத்தவங்களைக் கொண்டுவந்து தள்ளிட்டுப் போயிடறாங்க. நம்ம ஊர்ல கடைசி மூச்சு வரைக்கும் வீட்லயே வெச்சுப் பாத்துக்குவோம்." பக்கத்தில் நின்ற அவருடைய மகனுக்கு அவர் பேசியதில் பாதி புரியவில்லை, "எதைப் பார்த்துக்குவோம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டான். நான் தலையாட்டிவிட்டு வடையைத் தின்றேன். இன்றைக்கென்றால் அந்த வடையை அவர் வேட்டியிலேயே துடைத்திருப்பேன்.

நான் பார்த்த வெள்ளைக்காரக் குடும்பங்களில் பாசமுள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. என் நிறத்தைப் பார்த்து "வேறு ஆள் அனுப்பு" என்ற மகள் ஒருத்தி உண்டு. கணவர் இறந்ததைச் சொல்ல, ஊர் வழக்கப்படி "ஹி இஸ் நோ மோர்" என்று நான் சொல்லப்போய், "நோ மோர், வாட்?" என்று என்னைப் பார்த்தபடியே நின்ற ஒரு கிழவியும் உண்டு. ஆனால் சாகப்போகிறவரைக் காலண்டர் பார்த்து வெளியே தூக்கிப்போன ஒரு குடும்பத்தைக்கூட நான் இங்கே பார்க்கவில்லை.

5

இரண்டாம் மாதம். மூன்றாம் நாள், உத்திரட்டாதியோ பூரட்டாதியோ, அந்த ஆஸ்பத்திரி அறையில் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. இது வரும் என்று ஃபாத்திமா சிஸ்டர் முன்னமே சொல்லியிருந்தார். வந்தால் என்ன மருந்து, எவ்வளவு, எப்படிச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி, எங்கள் வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருந்தது. வீட்டில். அப்பாவோ ஆஸ்பத்திரியில்.

டியூட்டி டாக்டர் என் வயதுக்காரராக இருப்பார். கார்த்தி போனில் கத்தினான்: "அக்கா, ஐசியூவுக்கு மாத்தணும்ங்கிறாங்க. நீயே பேசு."

பேசினேன். தொண்டையில் குழாய் வேண்டாம் என்று அப்பா கையெழுத்துப் போட்டு, கார்த்தி கையில் வைத்திருந்த படிவத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மேடம், இது என்ன லெட்டர்னே எனக்குத் தெரியலை" என்றார் அவர். "குழாய் வேண்டாம்னா எதுக்கு இங்க அட்மிட் பண்ணீங்க? மூச்சு முட்டுற பேஷன்ட்டை நான் சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எதற்கு அட்மிட் பண்ணினோம்? நட்சத்திரத்துக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில், வையம்பட்டியிலிருந்து வந்திருந்த பெரியப்பா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். "ஆம்பளப் புள்ளை இருந்தும் தம்பியைச் சும்மா விட்டுட்டானுங்கன்னு ஊர்ல எவனும் பேசக்கூடாது" என்றார். யார் பேசப் போகிறார்கள் என்று எவனும் கேட்கவில்லை.

தொண்டையில் குழாய். அதைப் பிடுங்கிவிடாமலிருக்க இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம், ஒரே ஒருவர் பார்க்கலாம். ஃபாத்திமா சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்து வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். உறவினர் இல்லை என்று உள்ளே விடவில்லை. லைட்டை யாரும் அணைக்கவில்லை.

நான் போயிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்குப் போயிருந்தது. முடிவு வருமுன் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டதாக அர்த்தம். உதவி எண்ணைக் கூப்பிட்டால், தந்தை எந்த அளவுக்கு உடல்நலமில்லாமல் இருக்கிறார் என்று கேட்டு, இசை போட்டார்கள். நாற்பது நிமிஷம் பியானோ. விசா போனாலும் பரவாயில்லை என்று நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆறாம் நாள் காலை பதினொன்றரை மணிக்கு அப்பா போனார். இங்கே விடிகாலை ஆறு. முதல் ஷிப்டுக்குப் போகப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கார்த்தியின் அழைப்புக்குப் பிறகு சம்பத் சாரிடமிருந்து ஒரு செய்தி. "அப்பா பெருமாள் திருவடி சேர்ந்துட்டார்னு கேள்விப்பட்டேன். மனசே சரியில்லை. அஸ்வினி நட்சத்திரம், ஒரு தோஷமும் இல்லை. நல்ல கதி."

அவர் அதை எனக்கு ஆறுதலாகத்தான் அனுப்பினார். பஸ் வந்தது. ஏறினேன்.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. சம்பத் சார் தடுக்கவில்லை, அம்மாதான் வேண்டாம் என்றாள். "அந்தப் பொண்ணு நிறைமாசமா இருக்கா. நடைவழில எப்படிடா கொண்டுபோறது?" சந்து முனையில் வேனை நிறுத்தி, துக்கம் கேட்க வந்த நாலு பேரைப் பார்க்கவிட்டு, அங்கிருந்தே ஓயாமாரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீடியோவில் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டிலும் கட்டின தடம், கறுப்பாக.

6

வருஷத் திதி போன மாதம் முடிந்தது. யார்மேல் கோபம் என்று என்னோடு வேலை பார்க்கும் பெண் கேட்டாள். பட்டியல் நீளம் என்றேன்.

சம்பத் சார்மேல் கோபம். ஆனால் அவர் தன் மகளுக்காகப் பயந்தார். நானோ எதற்கும் பயப்படாமலே ஒப்புக்கொண்டவள். பெரியப்பாமேல் கோபம். பஞ்சாங்கத்தின்மேல் இல்லை, அது பாட்டுக்கு நட்சத்திரத்தைச் சொல்கிறது. அதை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கும் மனுஷனின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்கிற நம்மேல்தான். படிக்கிற உங்கள்மேலும். உங்களில் வீட்டுக்காரர்கள் இருப்பீர்கள். குடிவரும் போதே "வயசானவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்பீர்கள். அக்கறை இல்லை அது. உங்கள் கூரைக்குக் கீழே யாரும் செத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். சாகிறவரைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் இருக்கிறார், மருந்து இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. படுக்க ஓர் இடத்தைத்தான் நீங்கள் தர மாட்டேன் என்கிறீர்கள். எங்கள் வீடு மட்டும் இல்லை, தான் பார்க்கும் வீடுகளில் மூன்று இதே நிலைமையில் இருப்பதாக ஃபாத்திமா சிஸ்டர் சொன்னார். ஒரு குடும்பம் தாயைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது முறை வீடு மாறியிருக்கிறது.

திதி முடிந்த மறுநாள் அம்மா போன் செய்தாள். இன்னும் அதே பின்போர்ஷனில்தான் இருக்கிறாள். எட்டு வைக்கும் தூரத்தில் கோயில் இருக்கும்போது வேறெங்கும் போக மாட்டாளாம்.

"பதினோரு மாச அக்ரிமென்ட் முடியுது. சம்பத் சார் புதுசுல கையெழுத்துப் போடச் சொல்றார்" என்றாள்.

"போடேன்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "எனக்கு ஒண்ணு வந்தா என்னடி பண்ணுவீங்க? என்னையும் மாசா மாசம் தூக்கிட்டுப் போவீங்களா?" என்றாள். அழுகிற குரலில்லை. சண்டைக்கு வரும் குரல். எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது.

7

விசா எப்போதோ வந்துவிட்டது. மூன்று வார விடுப்பு இப்போதுதான் கிடைத்தது. பங்குனியில் வருகிறேன்.

புது ஒப்பந்தத்தில் சேர்க்க ஒரு ஷரத்தை எழுதியிருக்கிறேன். வக்கீல் ஒருவரிடம் காட்டினால் சிரித்தார். சிரித்துவிட்டு இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தார். "வாடகைதாரரோ அவர் குடும்பத்தாரோ நோயுற்றால் இவ்வீட்டிலேயே பராமரிக்கப்படலாம், எந்த நாளிலும் எந்த நட்சத்திரத்திலும் இவ்வீட்டிலேயே இறக்கலாம், அதன்பொருட்டு வெளியேற்றப்பட மாட்டார்." முதலில் சம்பத் சாரிடம்தான் நீட்டப் போகிறோம்.

"அவர் கையெழுத்துப் போட்டா நான் ஸ்கூட்டரை வித்துட்டுப் பாலக்கரைல இருந்து நடந்தே வரேன்" என்கிறார் ஃபாத்திமா சிஸ்டர். போட மாட்டார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. போடாவிட்டால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக, வாடகைக்கு என்று பலகை தொங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் ஏறப்போகிறோம். அம்மாவுக்கு ஒரு வீடு. கிடைத்தால் அந்த மூன்று குடும்பங்களுக்கும். இதற்கு மேல் என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. போன தடவை பெரிய திட்டத்தோடு இருந்தேன், அதன் லட்சணத்தைத்தான் பார்த்தீர்களே.

யார் கேட்பது என்பதில்தான் நேற்று எனக்கும் அம்மாவுக்கும் தகராறு. நான் கேட்கிறேன் என்றேன்.

"நீ சும்மா இரு. நீ இங்கிலீஷ் கலந்து விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா அவன் கதவைச் சாத்திடுவான். குடியிருக்கப் போறது நான். நான்தான் கேப்பேன்."

"என்னன்னு கேப்பே?"

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சார், எனக்கு உங்க வீடு பிடிச்சிருக்கு. நான் இங்கதான் சாவேன். சம்மதம்னா சொல்லுங்க, பாலைக் காய்ச்சிடறேன்."

கார்த்தி பின்னாலிருந்து ஏதோ கத்தினான். அம்மா அவனை அதட்டிவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.